வெலிங்டன் மேட்டில் ஒரு சக்கர ஹாக்கி வகுப்பு: 14 மாத அனுபவம்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில், வெலிங்டனைத் தாண்டிச் சற்று மேலே ஏறினால், ஒரு பள்ளிக்குச் சொந்தமான பழைய கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, காலில் சக்கரமும் கையில் மட்டையுமாக 20 பிள்ளைகள் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். என் மகனும் மகளும் அவர்களில் இருவர். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. மழையால் தடைபட்ட வாரங்கள் போக, 14 மாதங்களாக நானும் அந்தத் தளத்தின் ஓரத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஏறக்குறைய எல்லா வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், எனக்குத் தெரிந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் ஊர் என்பதால், வெலிங்டனில் ஹாக்கி என்றால் திடலில் வெள்ளைப் பந்தை வைத்து ஆடும் ஹாக்கிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இந்த வகுப்பில் கற்றுத்தருவது அதுவன்று. பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியைச் சக்கரக் காலணிக்கு மாற்றிக்கொண்ட இன்லைன் ஹாக்கி என்னும் ஆட்டம் இது. நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் பொருத்திய காலணி, நீண்ட வளைந்த மட்டை, வலை கட்டிய கோல் ஆகியவை இதற்கு வேண்டும். நீலகிரியில் இதைக் கற்றுத்தர ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. அவர் ஐஸ் ஹாக்கியை உண்மையான பனியில் ஆடியவர் என்று தெரிந்தபோது வியப்பு இன்னும் கூடியது.

தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் அவரைச் சக்கர ஹாக்கி சார் என்கிறார்கள். அந்தப் பெயரில் விசாரித்தாலே வழி சொல்லிவிடுவார்கள். கோத்தகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராணுவத்தில் சேர்ந்தவர். இரண்டு தடவையாக லடாக்கில் பணியில் இருந்த காலத்தில், மொத்தம் நான்கு குளிர்காலங்கள், அங்கே ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறார். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், அதாவது நம் ஊட்டியைவிட 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நம் தலைக்குந்தாவில் சனவரி மாதத்தில் புல்நுனியில் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துபோகிற உறைபனியை வைத்து அந்தக் குளிரைக் கணக்கிட முடியாது. அங்கே குளமே உறைந்து கல்லாகிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை, இரண்டு மாதத்துக்குக் குறைவாகவே அந்தப் பனி ஆட்டத்துக்கு ஏற்றபடி நிற்கும். பகலில் கீறல் விழுந்த பரப்பின்மேல் இரவில் தண்ணீர் பாய்ச்சி, அது மீண்டும் உறைந்து வழவழப்பாவதற்காகக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குத்தான் தன்னை முதலில் அழைத்தார்கள் என்றும், காலணியைக் கட்டிக்கொண்டது இரண்டாவது மாதத்தில்தான் என்றும் அவர் சொன்னார்.

அப்போது அவருக்கு வயது 24. லடாக்கில் பிறந்த பிள்ளைகள் 6, 7 வயதிலேயே பனியில் நிற்கப் பழகிவிடுவதால், அவருடைய தொடக்கம் மிகத் தாமதமானது. படைப்பிரிவுகளுக்குள் நடக்கும் ஆட்டங்களிலும், ஊர்க் குழுக்கள் மோதும் சிறு போட்டிகளிலும் ஆடினார். ராணுவத்தின் முதன்மை அணிக்கு ஒருமுறை மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுத்ததோடு சரி, களத்தில் இறங்கியதில்லை. நான்காவது குளிர்காலத்தில் வலது முழங்கால் பிரண்டது. அதன்பிறகு அந்தப் படைப்பிரிவின் இளைய வீரர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியபோது பனி கிடையாது என்பதால் சக்கரத்துக்கு மாறினார். இவ்வளவுதான் அவருடைய ஆட்ட வரலாறு. ஒளிப்பதற்கோ மிகைப்படுத்துவதற்கோ அவர் முயலவில்லை. முதல் நாள் நான் கேட்டபோதே, "பெரிய ஆட்டக்காரன் இல்லைம்மா, கீழ்மட்டத்தில் ஆடியவன்" என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் சில பெற்றோர் தயங்குகிறார்கள். இந்தியாவுக்கு ஆடாதவரிடம் பணம் கட்டி எதற்காகப் பிள்ளையை அனுப்புவது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டுவது வழக்கம். அங்கே உச்சியில் இருப்பது என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக். அதற்கு ஒரு படி கீழே 1936-இல் தொடங்கிய அமெரிக்கன் ஹாக்கி லீக், அதற்கும் கீழே 1988-இல் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் என்ற பெயரில் தொடங்கி இப்போது இ.சி.எச்.எல். எனப்படும் லீக் இருக்கின்றன. கனடாவில் பிறந்த ஜாரெட் பெட்னார் என்ற தற்காப்பு ஆட்டக்காரர் தன் ஆட்டக்காலம் முழுவதையும் இந்தக் கீழ்ப்படிகளிலேயே கழித்தார்; என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் என்ற அணியில் ஆட்டக்காரராக 1997-லும் 2001-லும் ஈஸ்ட் கோஸ்ட் கோப்பையை வென்ற அவர், அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2009-இல் மீண்டும் அந்தக் கோப்பையை வென்றார். 2016-இல் அடுத்த படியான அமெரிக்கன் லீக்கின் கால்டர் கோப்பையும், 2022-இல் கொலராடோ அணியோடு உச்சியான ஸ்டான்லி கோப்பையும் அவர் கைக்கு வந்தன. மூன்று படிகளிலும் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வென்ற முதல் மனிதர் அவர். அதே சவுத் கரோலினா அணியில் பயிற்சிப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் கார்பெரியும் என்.எச்.எல்.லில் ஆடாதவர்தான்; வாஷிங்டன் அணியின் பயிற்சியாளராக 2025-இல் அந்த லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார்.

நம் ஊர்ப் பயிற்சியாளரை அவர்களோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்டத் திறமையும் கற்பிக்கும் திறமையும் வேறு வேறு என்பதற்காகவே சொல்கிறேன். கீழ்மட்டத்தில் ஆடியவருக்குச் சில வேலைகள் கட்டாயமாகின்றன: தன் குறையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், களத்துக்கு வெளியே நீண்ட நேரம் உட்கார்ந்து மற்றவர் ஆடுவதைக் கவனிக்க வேண்டும், இயல்பாக வராததை யோசித்து வரவழைக்க வேண்டும். 24 வயதில் நிற்கவே தெரியாமல் தொடங்கிய ஒருவருக்கு, நிற்பது எப்படி என்று சொல் சொல்லாக விளக்கத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு முன்பு, வேறோர் இடத்தில் நடந்த ஸ்கேட்டிங் வகுப்பில் என் மகனைச் சேர்த்திருந்தேன். அங்கே முதல் நாளே வேகமாக ஓடவிட்டார்கள். மூன்றாம் வாரம் பின்பக்கமாக விழுந்து, உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை; இங்கே வந்தபிறகுதான் புரிந்தது. இங்கே முதல் மூன்று வாரம் மட்டையைத் தொடவே விடுவதில்லை. முதல் வகுப்பு முழுவதும் விழுவதும் எழுவதும்தான். முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்தி, முழங்கால் காப்பின்மேல் முன்பக்கமாக விழ வேண்டும். அடுத்தவர் சக்கரம் விரல்மேல் ஏறிவிடாதபடி கையை முட்டியாக மூடிக்கொள்ள வேண்டும். எழும்போது ஒரு காலை ஊன்றி, இரு கையையும் அந்தத் தொடைமேல் அழுத்தி எழ வேண்டும். என் மகள் அன்று 40 தடவையாவது விழுந்திருப்பாள். வீட்டுக்கு வந்தும் கூடத்தில் விழுந்து காட்டிக்கொண்டிருந்தாள். இந்த 14 மாதங்களில் இரு பிள்ளைகளுக்கும் சிராய்ப்பைத் தவிர வேறு காயம் இல்லை.

அடுத்ததாக நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் பல வாரங்கள் ஒதுக்குகிறார். பனியில் காலணியின் அடியில் உள்ள கத்தி போன்ற தகட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் பனித்தூள் பறக்க உடனே நின்றுவிடலாம். சிமெண்டுத் தரையில் ரப்பர் போன்ற சக்கரத்தோடு அதைச் செய்தால் சக்கரம் பிடித்துக்கொண்டு ஆள் குப்புற விழுவார். இந்த வேறுபாட்டை அவர் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்கிறார். பனிக்கு உரியது எது, சக்கரத்துக்கு உரியது எது என்று தெரியாமல், காணொளியில் பார்த்ததை அப்படியே செய்துபார்த்து விழும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவையான பாடம். கால்களை அகட்டி முன்விரல்களை உட்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது முதலில், பின்காலைக் குறுக்கே இழுத்து நிற்பது பிறகு, வளைந்து சுழன்று நிற்பது கடைசியில் என்ற வரிசையை அவர் யாருக்காகவும் மாற்றுவதில்லை. வளைவில் ஒரு காலுக்குமேல் இன்னொரு காலை வைத்து ஓடும்போது எல்லோருக்கும் ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்துக்கே இரண்டு மடங்கு நேரம் தருகிறார். மகனுக்கு வலப்பக்க வளைவு வர நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாளாவது அவனைக் கடிந்துகொண்டோ மற்றவர்முன் குறைத்தோ பேசியதை நான் கேட்டதில்லை.

மட்டை கையில் வந்தபிறகு நடக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பிள்ளைகள் பந்தை இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டே அவரை நோக்கி வர வேண்டும். அவர் நின்ற இடத்தில் விரல்களை உயர்த்திக் காட்டுவார். எத்தனை விரல் என்று அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். "கண்ணு, பந்து உன் மட்டையில்தான் இருக்கிறது, எங்கேயும் போகாது, என் கையைப் பார்" என்பார். தலையைக் குனிந்து பந்தையே பார்த்தபடி ஓடுகிறவர் எதிரே வருபவரோடு மோதிக்கொள்வார் என்பதால், இது திறமைக்கான பயிற்சி மட்டுமன்று, பாதுகாப்புக்கான பயிற்சியும் ஆகும். ஐஸ் ஹாக்கியில் பயன்படும் கெட்டி ரப்பர் வட்டு, அதாவது பக், 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் 156 முதல் 170 கிராம் வரை எடையும் உள்ளது. நம் தளத்தின் சொரசொரப்பில் வட்டு நிமிர்ந்து உருண்டுவிடுவதால், இங்கே துள்ளாத பிளாஸ்டிக் பந்தையே பயன்படுத்துகிறார்கள். மழை ஓய்ந்து தரை நன்றாகக் காய்ந்த நாளில் மட்டும், ஆசைக்காக, வட்டைக் கொடுத்து ஆடவிடுகிறார்.

ஆட்டம் என்று வந்தால், 45 விநாடிக்கு ஒருமுறை விசில். ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ அவ்வளவு நேரமே முழு வேகத்தில் ஓடி, அடுத்தவருக்கு இடம் விட்டு வெளியே வருவார்கள். இங்கேயும் விசில் கேட்டவுடன் களத்தில் இருப்பவர்கள் வெளியே வர, காத்திருப்பவர்கள் உள்ளே போக வேண்டும். நன்றாக ஆடும் பிள்ளைகள் வெளியே வர மறுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் மாதத்தில் அப்படித்தான் நடந்தது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிரணியில் யார் எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுகிறார் என்று பார்த்துச் சொல்லும்படி அவர் ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கியபின், பெஞ்சில் இருப்பதும் ஆட்டத்தின் பகுதியாகிவிட்டது. தன்னுடைய நான்கு குளிர்காலத்தில் பெரும்பகுதியைப் பெஞ்சில் கழித்தவர் கண்டுபிடிக்கக்கூடிய பாடம் அது. மகள் இப்போது வீட்டில் தொலைக்காட்சியில் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பந்து இல்லாத பக்கம் நிற்பவரைப் பற்றித்தான் பேசுகிறாள்.

செலவைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் பிள்ளைக்கு 1,200 ரூபாய். ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு 800 வாங்குகிறார். சேர்க்கைக் கட்டணம் கிடையாது. முதல் இரண்டு மாதத்துக்கு அவரிடமே பழைய காலணியும் காப்புகளும் இரவலாகக் கிடைக்கும். அதன்பிறகு சொந்தமாக வாங்க வேண்டும், அங்கேதான் கை கடிக்கிறது. மகனுக்குப் புதிய காலணி 7,500 ரூபாய், தலைக்கவசம், முழங்கை, முழங்கால், கீழ்க்கால் காப்புகள் சேர்த்து மேலும் 4,000 ஆயிற்று. சமவெளி நகரத்துக் கடை ஒன்றில் அவரைக் கேட்காமல் நானே போய் வாங்கியது பெரிய தவறு. உள்ளரங்கத் தளத்துக்கான மென்மையான சக்கரம் போட்ட காலணியை, எங்கும் ஓட்டலாம் என்று சொல்லி விற்றுவிட்டார்கள். நம் சிமெண்டுத் தரையில் அது பென்சில் அழிப்பான்போல் தேய்ந்து, மூன்று மாதத்தில் தீர்ந்துபோனது. சக்கரத்தின்மேல் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும் 74 அல்லது 76 என்ற எண்ணோடு ஆங்கில ஏ எழுத்து இருந்தால் அது உள்ளரங்கத்துக்கு; வெளித்தளத்துக்கு 82-க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டினால் பணம் மிச்சமாகும். மகளுக்கு அவர் மூலமாகவே, வளர்ந்துவிட்ட இன்னொரு பிள்ளையின் காலணி 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது.

பராமரிப்பையும் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார். குன்னூர் ஈரத்தில் பியரிங் இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடும். மாதம் ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி, பியரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, உட்பக்கம் தேய்ந்த சக்கரத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். என் மகன் வேறு எந்த வேலைக்கும் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குறைகளும் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. முதலாவது இடம். பனி ஹாக்கியின் முழு அளவுத் தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் வரை அகலமும் உள்ளது. கூடைப்பந்துத் தளமோ 28-க்கு 15 மீட்டர்தான், பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மூவருக்கு மூவர் ஆடுவதற்குமேல் இடமில்லை. நீளமாக ஓடி வேகம் எடுக்கவோ தொலைவுக்குப் பந்தைக் கடத்தவோ வழியே இல்லாததால், ஓராண்டைத் தாண்டிய பிள்ளைகள் ஒரு கட்டத்தில் தேங்கி நிற்கிறார்கள். தளத்தின் கீழ்ப்பக்க வேலியில் ஓரிடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. அந்த வழியாகப் பந்து தேயிலைத் தோட்டத்துக்குள் உருண்டுவிடும். அங்கே காட்டெருமைகள் மேய வருவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. பந்தை எடுக்கப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறார், 5 மணிக்குமேல் ஒரு நிமிடமும் நீட்டிப்பதில்லை. என்றாலும் பள்ளி நிர்வாகம் அந்த வேலியை உடனே சரிசெய்ய வேண்டும். மாலையில் பள்ளிக் கழிப்பறையைப் பூட்டிவிடுவது பெண் பிள்ளைகளுக்குப் பெரும் தொல்லை. பெற்றோர் ஐந்து பேராகப் போய்க் கேட்டபின், இரண்டு மாதமாகத்தான் சாவி கிடைக்கிறது.

இரண்டாவது, 7 வயதுப் பிள்ளையும் 15 வயதுப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் கற்கிறார்கள். அவர் தளத்தைப் பாதியாகப் பிரித்துச் சமாளித்தாலும், ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு இன்னொருவர் கட்டாயம் தேவை. கோல்கீப்பருக்கான பயிற்சி இங்கே இல்லவே இல்லை. தனக்கு அது தெரியாது என்று அவரே சொல்கிறார். இரவலாகக் கொடுக்கும் தலைக்கவசங்களைப் பலர் மாற்றி மாற்றிப் போடுவதால், உள்ளே போட்டுக்கொள்ள ஒரு பருத்தித் துணி கொடுத்தனுப்புவது நல்லது.

மூன்றாவது மழை. நம் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்தில் வகுப்பு பாதி நாள்கூட நடக்காது. ஈரத் தரையில் சக்கரம் பிடிக்காது என்பதால் சிறு தூறலுக்கும் நிறுத்திவிடுகிறார். அது சரியான முடிவு. ஆனால் நிறுத்தப்பட்ட செய்தி வாட்ஸ்அப்பில் 2:45-க்கு வந்தால், அருவங்காட்டிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கிளம்பிவிட்டவர்கள் என்ன செய்வது? இதை அவரிடம் நேரில் சொன்னேன், இப்போது 1 மணிக்கே முடிவு சொல்கிறார். தவறிய வகுப்புகளுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு, ஆனால் கேட்டால்தான் கழிக்கிறார்.

போட்டிக்காகவே பிள்ளையைத் தயார்செய்ய நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு போதாது. ஆண்டுக்கு இரண்டு முறை கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய் நட்பு ஆட்டம் ஆடவைக்கிறார், அதற்குமேல் இல்லை. பனியில் ஆட வேண்டும் என்ற கனவோடு வருகிறவர்களிடமும், இந்த மலையில் அது நடக்காது, லடாக்குக்கோ உள்ளரங்கப் பனித்தளம் இருக்கும் டேராடூனுக்கோதான் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார். இரண்டு ஆண்டுக்குமேல் தன்னிடம் இருக்க வேண்டாம், பெரிய தளமும் கோல்கீப்பர் பயிற்சியும் உள்ள இடத்துக்குப் போங்கள் என்று, நன்றாக ஆடிய ஒரு பெண்ணின் பெற்றோரிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வருமானம் குறையும் என்று தெரிந்தே அவர் அப்படிச் சொன்னது என் மதிப்பை மிகவும் உயர்த்தியது. முதல் இரண்டு ஆண்டுக்கு, அதுவும் 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தயக்கமில்லாமல் இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். 13 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள், சிறு பிள்ளைகளோடு சேர்ந்து விழப் பழக மனமிருந்தால் வரலாம். அப்படி வந்த ஒரு பையன் ஆறு மாதத்தில் எல்லோரையும் எட்டிப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதிய பிள்ளைகளைச் சனவரியிலும் ஏப்ரலிலும் மட்டும் சேர்த்துக்கொள்கிறார். சேர்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து முழு வகுப்பையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார், அதற்குப் பணம் இல்லை. கணுக்காலுக்கு மேல் வரும் தடித்த காலுறை இரண்டு சோடி, முழுக்கால் சட்டை, தண்ணீர் இவற்றோடு வந்தால் போதும். பேருந்தில் வருகிறவர்கள் சாலையிலிருந்து தளத்துக்கு ஏறும் படிகளில் பாசி பிடித்திருப்பதைக் கவனித்து ஏற வேண்டும். சக்கரக் காலணியைத் தளத்துக்குப் போனபிறகே மாட்ட வேண்டும்.